ஒரு சாண் குறைந்த கயிறு

எங்கள் கம்பெனியில் வேலைக்கு எடுத்தவர்களுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்து சொல்லலாம். எடுக்காதவர்களுக்கு நான்தான் செய்வேன். பார்த்த அன்றைக்கே, சாயங்காலம் ஆறு மணிக்குள். சிலர் "சரிங்க" என்று வைத்துவிடுவார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். போன வாரம் ஒரு பெண், "வேணாம்னு சொல்றதுக்கு இவ்வளவு அவசரமா?" என்று கேட்டாள். என் கொழுந்தன்தான் தொழிலில் என் கூட்டாளி. அவன், "அண்ணிக்குத் திட்டு வாங்காம சாயங்காலம் காபி இறங்காது" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வான். ஏன் செய்கிறேன் என்று அவனுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செய்யும் தொழில் வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கொடுப்பது. தலைமாட்டையும் கால்மாட்டையும் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் இரும்புக் கட்டில். அதோடு சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின். போனில் சொன்னால் அன்றைக்கே வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். ஆரம்பித்தபோது ஒரு பழைய அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகைதான் ஆபீஸ், அதுவே குடோன். எட்டு பேர். என்னைத் தவிர எல்லாரும் முப்பதுக்குக் கீழே.

புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் எல்லாரையும் போல எங்களுக்கும் ஆள் எடுப்பதைப் பற்றி நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. தொழில் ஒழுங்காக நடக்கவில்லை என்றாலும் அபிப்பிராயங்கள் ஒழுங்காக இருந்தன. ஆளுக்குள் நெருப்பு இருக்க வேண்டும், எங்களோடு ஒட்டிப் போக வேண்டும், இப்படி. எங்களுக்கென்று ஒரு வழக்கமும் வைத்திருந்தோம். பேட்டி கீட்டி எல்லாம் கிடையாது. வருகிற ஆள் ஒரு நாள் முழுக்க எங்களோடு கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு 'ஒருநாள் பார்ப்பது' என்று பெயர். அந்த நாள் எங்களுக்கு லாபம்தான் என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. யோசித்தேன், அதில் தப்பில்லை என்று நினைத்தேன்.

கட்டில் கொண்டுபோகும் ஆட்களுக்குத் தலைமையாக ஒருவர் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அவர் வந்தார். அவருக்கு நாங்கள் பிற்பாடு 'கயிற்றுக்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். வந்த அன்று பெயரும் போன் நம்பரும் சொன்னார், நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், அந்தத் தாள் எங்கே போனதென்று தெரியாது.

ஐம்பதை ஒட்டிய வயது. அரைக்கைச் சட்டை, வாரி வழித்துச் சீவிய தலை. ஒரு மரச்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்திருக்கிறார். பீரோ, கட்டில், சோபா எல்லாவற்றையும் வாங்கியவர்கள் வீட்டில் சேர்ப்பது. கடையை மூடிவிட்டார்கள். வலது கை விரல் முட்டிகள் எல்லாம் காய்த்துத் தழும்பேறிக் கிடந்தன. என்ன இது என்று கேட்டேன். "திரும்பும்போது சுவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல கைய வெச்சுக்குவேம்மா. கீறல் விழுந்தா அவங்க வீடு கெட்டுப்போகும். கை ஆறிடும்" என்றார். சொல்லிவிட்டு, பெரிய பேச்சு பேசிவிட்டோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சட்டைப் பையில் ஒரு கயிறு வைத்திருந்தார். பருத்திக் கயிறு, நடு நடுவே முடிச்சு. இரண்டு விரலில் சுற்றி, நுனியை உள்ளே சொருகியிருப்பார். முதல் வீட்டில் வேலை சுலபம், தரைத்தளம். அங்கேயும் கட்டிலை இறக்கும் முன் கயிற்றை வாசலில் வைத்துப் பார்த்தார். எங்கள் பையன்களில் நெட்டை என்று ஒருவன், இன்றைக்கும் எங்களோடு இருக்கிறான். அவன், "என்னண்ணே, வாசல் என்ன ஓடியா போயிடும்?" என்று கேட்டதற்கு, "வாசல் ஓடாது தம்பி, நாமதான் கட்டிலோட ஓடணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது வீட்டில்தான் எனக்கு மூக்குடைந்தது. மூன்றாவது மாடி. அவர் வெறும் கயிற்றோடு மேலே போய்விட்டு இறங்கி வந்தார். கட்டில் அப்படியே போகாது, தலைமாட்டுப் பலகையைக் கழற்ற வேண்டும், அதற்கும் ஒரு ஸ்பேனர் வேண்டும், எங்களிடம் இல்லை என்றார். பிறகு, வேனைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும், எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார்:

"இந்த ஆர்டர் எடுத்தவங்க வாசல் அகலம் கேக்கவே இல்லையா?"

ஆர்டர் எடுத்தவள் நான். எல்லாருக்கும் தெரியும். நெட்டை வானத்தைப் பார்த்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. "கேட்டேன், அவங்க தப்பா சொல்லிட்டாங்க" என்று ஒரு பொய் சொன்னேன். அவர், "ஆமாம்மா, சில பேரு சொல்லுவாங்க" என்று அதையும் ஏற்றுக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடையில் ஸ்பேனர் இரவல் வாங்கி அரை மணி நேரத்தில் கட்டிலைப் போட்டுவிட்டார்கள். வழக்கமாக அப்படி ஒரு வீட்டில் பாதி நாள் போய்விடும்.

மத்தியானம் கொட்டகைக்குத் திரும்பினோம். பையன்கள் கயிற்றைப் பார்க்க வேண்டும் என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு, சுருள் கலையாமல் ஆர்டர் நோட்டின் மேல் வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் மேசையில் இருந்தேன்.

நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். கயிற்றைப் பிரித்து மேசை நீளத்துக்கு நீட்டினேன். பார்சல் கட்டும் நைலான் கயிறு ஒன்றைப் பக்கத்தில் போட்டு, அவர் முடிச்சு இருந்த இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டேன். சக்கர நாற்காலி அகலம், கட்டில் அகலம், பிடித்துத் தூக்கும் கையோடு சேர்த்த அகலம், பலகை கழற்றிய நீளம், முழு நீளம். காலையில் எங்கள் கட்டிலையும் நாற்காலியையும் அளந்து முடிச்சுப் போடும்போது பையன்களுக்கு அவர் சொன்னதைக் கேட்டிருந்தேன். ஐந்து முடிச்சு. அதற்குப் பிறகு ஒரு சாண் தள்ளி நுனியில் இன்னொன்று இருந்தது. பருத்திக் கயிறு, நுனி பிரியாமல் இருக்கப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நைலான் நுனியைத் தீக்குச்சியில் உருக்கினால் பிரியாது. அதனால் அந்த ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டு, ஐந்தாவது முடிச்சுக்குப் பக்கத்திலேயே உருக்கிவிட்டேன். அவருடைய கயிற்றைப் பழையபடி சுற்றி நோட்டின் மேல் வைத்தேன். எல்லாம் ஐந்து நிமிடம்.

அப்போது மனதில் ஓடியது இதுதான்: கயிறு கைக்கு வந்துவிட்டது, ஆள் எதற்கு?

சாப்பிட்டுவிட்டு வந்தவர் கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். காலையில் கூச்சத்தோடு ஓரமாக நின்றவர், மத்தியானம் பையன்களோடு ஒரே சிரிப்பு. மூன்றாவது வீட்டு வேலை முடிந்து வந்ததும் என்னிடம், "இந்தப் பக்கம் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். மழை பெய்தால் கொட்டகையில் கட்டிலை எங்கே நகர்த்துவோம் என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்ட மாதிரியே பேசுகிறாரே, என்ன தைரியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகும்போது வாசலில் நின்று, "அப்போ...?" என்றார்.

"சொல்லி அனுப்புறோம்" என்றேன்.

தமிழில் இதைவிட வழுக்கலான வார்த்தை எனக்குத் தெரியாது. வேண்டாம் என்பதற்கும் இதுதான், வேண்டும் என்பதற்கும் இதுதான். நான் வேண்டாம் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போது பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்து போனார்.

"நல்லா இருக்காரே அண்ணி, எடுத்துடலாமே" என்றான் கொழுந்தன். "எல்லாரும் சின்னப் பசங்க. இவர் வயசுக்கு ஒட்ட மாட்டார். நாளைக்கு அவங்களை அதட்டுவார்" என்றேன். காலையிலிருந்து அவர் ஒருவரையும் அதட்டவில்லை. என்னைத்தான் ஒரு கேள்வி கேட்டார். அது எனக்கும் தெரியும், நெட்டைக்கும் தெரியும். கொழுந்தன் மட்டும் தலையாட்டினான்.

அவருக்குப் பதிலாக ஒருவனை எடுத்தோம். தினமும் வெள்ளைச் சட்டை. பேச்சில் புலி. உள்ளே நெருப்பு இருப்பதாக நாங்கள் எல்லாரும் ஒருமனதாக நம்பினோம். நான்காவது மாதம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

கயிறு மட்டும் நின்றது. வேனுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. "கயிறு போட்டாச்சா?" என்பது எங்கள் இடத்தில் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அதனாலேயே எங்கள் வேலை வேகமானது, பெயர் வந்தது, கொட்டகையிலிருந்து சரியான கட்டிடத்துக்கு மாறினோம். விளம்பரத் தாளில் கயிற்றின் படம் போட்டோம். புதுத் தொழில் செய்கிறவர்கள் கூட்டம் ஒன்றில் என்னை மேடை ஏற்றினார்கள். கயிற்றைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த யோசனை யாருடையது என்று கேட்டார். "எங்க டீமோடது" என்றேன். டீம். எத்தனை அகலமான வார்த்தை, அதற்குள் ஒரு திருட்டையே தாராளமாகப் போட்டு மூடலாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் இறங்கியது. குற்ற உணர்ச்சிக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம் அப்போது.

ஒரு குறை மட்டும் தீராமல் இருந்தது. வாசல்களில் தப்பே வராது. மாடிப்படி திரும்பும் இடத்தில் மட்டும் கட்டில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அளந்தால் கயிறு சரி என்னும், கட்டில் மாட்டேன் என்னும். இறக்கிக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். நோயாளி கீழே நாற்காலியில் காத்துக்கொண்டிருப்பார். இரண்டரை வருடம் இப்படியே. அதைக் கண்ணால் பார்த்தே தீர்வது என்று ஒரு நாள் நானே வேனில் ஏறினேன். ஒரு பெண்மணியின் பெயரில் ஆர்டர். பக்கவாதம், இரண்டாவது மாடி.

கதவைத் திறந்தவர் கயிற்றுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெட்டை அந்தச் சமயத்தில் வேனை ஓரம் கட்டிக்கொண்டிருந்தான், அதனால் புதிதாகச் சேர்ந்த ஒருவன்தான் என்னோடு மேலே வந்திருந்தான். அவன் கயிற்றை எடுத்து, "அளந்துக்கறோம் சார். எங்க கம்பெனியோட ஸ்பெஷல் இது. வேற யாருகிட்டயும் கிடையாது" என்றான். நாங்கள்தான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றின் மறு நுனியைக் கையில் வாங்கி, நிலைப்படியின் அந்தப் பக்கத்தில் சரியாக வைத்துப் பிடித்துக்கொண்டார். அவன் "தேங்க்ஸ் சார்" என்றான். எனக்கு அந்தப் படிக்கட்டில் அப்படியே உருண்டு விழுந்தால் தேவலை என்று இருந்தது.

படி திரும்பும் இடத்தை அளக்க இறங்கினோம். பையன் ஒரு மூலையில் கயிற்றை வைக்க, அவர் எதிர்மூலைக்கு இழுத்தார். அங்கேதான் நின்றார். நுனியைத் தடவிப் பார்த்தார்.

"கயிறு குட்டையா இருக்கே. நுனி முடிச்சு எங்க?"

"அஞ்சு முடிச்சுதான் சார்."

"ஆறு" என்றார். "முழு நீளம் திரும்புற எடத்துக்குப் பத்தாது தம்பி. பிடிக்கிறவன் கை, நகர்ற கால், எல்லாத்துக்கும் ஒரு சாண் வேணும். கட்டில் மட்டும் தனியாவா திரும்பும்?" மேலே போய்த் தன் கயிற்றை எடுத்து வந்தார். பழுப்பேறியிருந்தது. கடைசி முடிச்சு சுவரை முட்டி வளைந்தது. "போகாது. பலகையக் கழட்டிடுங்க" என்றார்.

இரண்டரை வருடம் படிக்கட்டுகளில் சிக்கிய அத்தனை கட்டில்களும் நான் வெட்டி எறிந்த அந்த ஒரு சாண்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். திருடுகிறவள் எப்படிக் கேட்பாள்?

கட்டிலைப் போட்டார்கள். அவரும் நெட்டையும் அந்த அம்மாவை, அவர் மனைவியை, தூக்கிப் படுக்க வைத்தார்கள். நெட்டை அவரைப் பார்த்ததும் "அண்ணே!" என்று கத்திவிட்டு, தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கீழே வேலை இருப்பதாகச் சொல்லிப் புதியவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். சின்ன அறை. ஒரு பீரோ, மடிக்கிற நாற்காலி, ஜன்னல் ஓரம் மருந்து வரிசை. அந்த அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் நாக்கில் காரம் குறையவில்லை.

"நீங்கதானா அந்தக் கம்பெனிக்கார அம்மா?" என்றார். "இவரு உங்க போனுக்காகக் குளிக்கப் போனாக்கூட செல்போன ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு உள்ள எடுத்துட்டுப் போனாரு. தெரியுமா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார் அவர்.

"நான் சொல்லுவேன். படுத்துட்டா வாயும் படுத்துடணுமா? ஒரு குடோன்ல நல்ல வேலை, மறுநாளே வரச் சொன்னாங்க. 'இல்லீங்க, எனக்கு ஒரு எடத்துல ஆயிடுச்சு'ன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறாரு. ஆயிடுச்சாம்! ஒரு மாசம் பார்த்துட்டு அங்க போய் நின்னா, ஆள் போட்டாச்சுன்னுட்டாங்க. அப்புறம் எங்க கெடைக்குது இந்த வயசுல?"

நான் நின்றுகொண்டிருந்தேன். கயிற்றுக்காரர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "இப்ப வாங்களேன். நாளைக்கே. உங்க இஷ்டப்படி எந்தப் பொறுப்பு வேணும்னாலும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "இவளத் திருப்பிப் படுக்க வைக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் வேணும்மா. காலையில கீழ இருக்கற கடையத் தொறந்து விடறேன், பெருக்கறேன். அவ்வளவுதான் நகர முடியும்." பிறகு சொன்னார்: "அன்னைக்கே வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்குக் கோபக்காரர்களைச் சமாளிக்கத் தெரியும். அவர் மருந்துப் பாட்டிலைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கயிற நான்தான் எடுத்தேன்" என்றேன். "நீங்க சாப்பிடப் போயிருந்தப்போ. யாருக்கும் தெரியாம. உங்களக் கேக்காம." இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லாததை அவரிடமே சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதிலும் ஒரு சுயநலம்.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"நான் இடது கைக்காரன். சுத்து அந்தப் பக்கமா இருக்கும். சாப்பிட்டுட்டு வந்து எடுத்தா, இந்தப் பக்கமா சுத்தியிருக்கு. நுனியும் சொருகல." அவர் முகத்தில் அந்த மத்தியானத்துச் சிரிப்பு லேசாக வந்துவிட்டுப் போனது. "அதப் பார்த்துத்தாம்மா எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரோ பிரிச்சுப் பார்த்திருக்காங்க, அளவெடுத்திருக்காங்க. கயிறே வேணும்னா ஆள் வேணாம்பாங்களா? நமக்கு வேலை ஆயிடுச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நீங்க வேற, சொல்லி அனுப்புறோம்னீங்க."

அதனால்தான் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார்.

மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அந்த அறையில் அதை எங்கே வைப்பது? அவர் தன் கயிற்றை இரண்டு விரலில், அவருடைய பக்கமாக, மெதுவாகச் சுற்றி நுனியைச் சொருகினார். வெளியே எங்கேயும் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கணும்" என்றார் அந்த அம்மா.

அவர் எழப் போனார். நான் முந்திக்கொண்டு, கட்டிலின் காலடியில் குனிந்து கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். சுற்றிக்கொண்டே இருந்தேன்.